வாசகர் கேள்வி – பதில்: வாலில் இருக்கிறது பொருள்

இந்த முறை ஃபிரேஸல் வெர்ப் பற்றி வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டோம். வினைச்சொல்லோடு ‘அப்’, ‘ஆஃப்’, ‘அவுட்’ போன்ற ஒரு சின்னச் சொல் சேர்ந்து புதுப் பொருள் தருவதே ஃபிரேஸல் வெர்ப். அந்தச் சின்னச் சொல்லை இங்கே ‘வால்’ என்று அழைக்கிறோம். எழுத்து பற்றி ஒரு குறிப்பு: விலகலைக் காட்டும் வாலை ‘ஆஃப்’ என்றும், ‘உடைய’ என்ற பொருளில் வருவதை ‘ஆவ்’ என்றும் எழுதியிருக்கிறோம். பின்னதை ஆங்கிலத்தில் ‘வ்’ ஒலியோடுதான் சொல்ல வேண்டும்.

கேள்வி: என் மகள் ‘டர்ன் ஆஃப் இட்’ என்று எழுதியதை ஆசிரியை அடித்துவிட்டு ‘டர்ன் இட் ஆஃப்’ என்று திருத்தியிருக்கிறார். அதே பக்கத்தில் ‘லுக் ஆஃப்டர் ஹிம்’ என்பதைச் சரி என்று விட்டிருக்கிறார். ஒன்றில் நடுவில் வருகிறது, ஒன்றில் கடைசியில் வருகிறது. இதற்கு என்ன கணக்கு? (ஐந்தாம் வகுப்பு மாணவியின் தாய், வள்ளியூர்)

பதில்: ஆசிரியை இரண்டிலும் சரியாகத்தான் திருத்தியிருக்கிறார். ஃபேன் என்று பெயரைச் சொன்னால் ‘டர்ன் ஆஃப் தி ஃபேன்’, ‘டர்ன் தி ஃபேன் ஆஃப்’ இரண்டுமே சரி. பெயருக்குப் பதில் ‘இட்’, ‘ஹிம்’, ‘தெம்’ போன்ற சுட்டுச்சொல் வந்துவிட்டால் அது நடுவில்தான் உட்கார வேண்டும். ஆங்கில வாக்கியத்தின் கடைசி இடம் கனமான இடம், புதுச் செய்திக்கு உரியது. ‘இட்’ என்பது கேட்பவருக்கு ஏற்கெனவே தெரிந்த பொருள். புதுச் செய்தி அதை அமத்தச் சொல்வது, அதாவது ‘ஆஃப்’. அதனால் ‘ஆஃப்’ கடைசிக்குப் போகிறது. இதே காரணத்தால்தான், பெயர் நீளமாக இருந்தால் அதைக் கடைசியில் வைப்பது நல்லது: ‘டர்ன் ஆஃப் தி ஃபேன் இன் தி அப்ஸ்டேர்ஸ் ரூம்’. இவ்வளவையும் நடுவில் திணித்தால் கேட்பவர் ‘ஆஃப்’ எப்போது வரும் என்று காத்திருக்க வேண்டியிருக்கும்.

‘லுக் ஆஃப்டர்’ பிரியாத வகை, அதாவது வினைக்கும் வாலுக்கும் நடுவில் எதுவும் வராது. எது பிரியும், எது பிரியாது என்பதை வாலைப் பார்த்தே பெரும்பாலும் சொல்லிவிடலாம். அப், டவுன், அவுட், அவே, பேக், ஆஃப் ஆகியவை பெரும்பாலும் பிரியும்: பிக் இட் அப், ரைட் இட் டவுன், த்ரோ இட் அவே, கால் ஹிம் பேக். ஆஃப்டர், ஃபார், அட், இன்டு, வித், அக்ராஸ் ஆகியவை பெரும்பாலும் பிரியாது: லுக் ஃபார் இட், லுக் இன்டு இட், கம் அக்ராஸ் இட். ஆன், ஓவர், த்ரூ மூன்றும் இரண்டு பக்கமும் நிற்கும். ‘டர்ன் இட் ஆன்’ பிரிகிறது, ‘கவுண்ட் ஆன் ஹிம்’ பிரிவதில்லை. ‘ஹேண்ட் இட் ஓவர்’ பிரிகிறது, ‘கெட் ஓவர் இட்’ பிரிவதில்லை. இந்த மூன்றையும் வாக்கியத்தோடு மனப்பாடம் செய்வதைத் தவிர வழியில்லை. ‘புட் அப் வித்’, ‘ரன் அவுட் ஆவ்’ போல இரண்டு வால் உள்ளவை பெரும்பாலும் பிரியாது. அவற்றில் சுட்டுச்சொல் கடைசியில்தான்: ‘ஐ காண்ட் புட் அப் வித் இட்’.

வீட்டில் பழக்க எளிய வழி உண்டு. ஒவ்வொரு பொருளையும் தொட்டுக்கொண்டே மகளை மூன்று முறை சொல்லச் சொல்லுங்கள்: டர்ன் ஆஃப் தி ஃபேன், டர்ன் தி ஃபேன் ஆஃப், டர்ன் இட் ஆஃப். அடுத்து குழாய், அடுத்து கேஸ். நாம் லைட்டை அமத்து, அடுப்பை அமத்து, குத்துவிளக்கை அமத்து என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவோம். ஆங்கிலத்தில் மின்சாரப் பொருளுக்கு ‘டர்ன் ஆஃப்’, ‘ஸ்விட்ச் ஆஃப்’ இரண்டும் வரும். குழாய்க்கும் கேஸுக்கும் ‘டர்ன் ஆஃப்’ மட்டும்தான். எரியும் சுடருக்கு ‘புட் அவுட்’. ‘ஓப்பன் தி லைட்’, ‘ஆஃப் தி லைட்’ இரண்டையும் அறவே விட்டுவிடுங்கள். ‘ஆஃப்’ தனியாக வினையாகாது.

கேள்வி: கூந்தன்குளத்துக்குப் பறவை பார்க்க வரும் வெளிநாட்டுக்காரர்களை ஆட்டோவில் கூட்டிப்போவேன். இடம் வந்ததும் ‘சார், கெட் டவுன்’ என்றால் ஒரு நொடி முழிக்கிறார்கள். இறங்குவதற்கு வேறு என்ன சொல்வது? (ஆட்டோ ஓட்டுநர், நாங்குநேரி)

பதில்: ‘கெட் டவுன்’ என்றால் அவர்கள் காதில் ‘குனி’ அல்லது ‘தரையோடு படு’ என்று விழும். மரத்திலிருந்தோ மதிலிலிருந்தோ இறங்குவதற்கும் அதைச் சொல்லலாம். வண்டிக்கு அது சரிப்படாது. ஆட்டோவுக்கும் காருக்கும் ஏற ‘கெட் இன்’, இறங்க ‘கெட் அவுட்’. பஸ், ரயில், விமானம், பைக், சைக்கிள் என்றால் ஏற ‘கெட் ஆன்’, இறங்க ‘கெட் ஆஃப்’. உள்ளே ஏறி நிமிர்ந்து நடக்கக்கூடிய வண்டிக்கும், கால் போட்டு ஏறும் வண்டிக்கும் ‘ஆன்’ வரும். குனிந்து நுழைந்து அப்படியே உட்கார்ந்துவிடும் வண்டிக்கு ‘இன்’. படகிலும் இதே கணக்குதான்: சின்ன ஓடத்துக்கு இன், கப்பலுக்கு ஆன்.

‘கெட் அவுட்’ என்று மொட்டையாகச் சொன்னால் வெளியே துரத்துவது போலாகிவிடும். ‘யூ கேன் கெட் அவுட் ஹியர், சார்’ என்று முழுதாகச் சொல்லுங்கள். கூட்டிவர ‘ஐ வில் பிக் யூ அப் அட் ஃபைவ்’. கொண்டுபோய் விட ‘ஐ வில் டிராப் யூ ஆஃப் அட் தி ஹோட்டல்’. இரண்டிலும் ‘யூ’ நடுவில் நிற்பதைக் கவனியுங்கள். வள்ளியூர் அம்மாவுக்குச் சொன்ன அதே விதிதான்.

கேள்வி: பணி ஓய்வு பெற்றவன் நான். அந்தக் காலத்தில் ‘போஸ்ட்போன்’, ‘டாலரேட்’ என்று கற்றுக்கொடுத்தார்கள். இப்போது பேரப்பிள்ளைகள் ‘புட் ஆஃப்’, ‘புட் அப் வித்’ என்கிறார்கள். இது கொச்சை ஆங்கிலம் அல்லவா? (வாசகர், இடையன்குடி)

பதில்: கொச்சை அல்ல ஐயா, புதிதும் அல்ல. கால்டுவெல் 1841-இல் உங்கள் ஊருக்கு வந்து தங்குவதற்கு 86 ஆண்டுகள் முன்பே, 1755-இல் வெளியான தன் அகராதியின் முன்னுரையில் சாமுவேல் ஜான்சன் இதைப் பற்றி எழுதிவிட்டார். வினையோடு சின்னச் சொல் ஒட்டிப் பொருள் மாறும் இந்த வழக்கம்தான் அயல்நாட்டார்க்கு ஆங்கிலத்தில் மிகப் பெரிய இடைஞ்சல் என்பது அவர் கருத்து.

தமிழருக்கு இது அவ்வளவு பெரிய இடைஞ்சலாக இருக்க வேண்டியதில்லை. நம்மிடமே இந்த வித்தை இருக்கிறது. தட்டிக்கேள், தட்டிக்கழி, தட்டிக்கொடு, தட்டிப்பறி. நான்கிலும் தட்டுவது ஒன்றுதான், பின்னால் வருவது மாறியதும் பொருள் எங்கெங்கோ போய்விடுகிறது. தமிழ் படிக்க வரும் வெள்ளைக்காரர் அகராதியில் ‘தட்டு’, ‘கழி’ இரண்டையும் பார்த்தாலும் ‘வேலையைத் தட்டிக்கழிக்கான்’ என்பது புரியாது. ‘புட்’, ‘ஆஃப்’ இரண்டையும் தனித்தனியே பார்க்கும் நம் பிள்ளையும் அதே இடத்தில்தான் நிற்கிறது.

இன்னும் நெருங்கிப் பாருங்கள். புட் ஆஃப் என்றால் தள்ளிப்போடு. புட் அப் வித் என்றால் பொறுத்துப்போ. ரன் அவுட் என்றால் தீர்ந்துபோ. கிவ் அப் என்றால் கைவிடு. கிவ் இன் என்றால் விட்டுக்கொடு. ஷோ அப் என்றால் தலைகாட்டு. ரைட் டவுன் என்றால் எழுதிவை. ஒவ்வொன்றுக்கும் நம்மிடமும் இரட்டைச் சொல்லே இருக்கிறது. ‘டாலரேட்’ என்ற ஒற்றைச் சொல்லைவிட ‘புட் அப் வித்’ என்பதில்தான் ‘பொறுத்துப்போ’வின் சலிப்பு இருக்கிறது. அலுவலகக் கடிதத்திலும் மனுவிலும் போஸ்ட்போன், டாலரேட் எழுதுங்கள். பேச்சில் பேரப்பிள்ளைகள் சொல்வதுதான் இயல்பு.

கேள்வி: பாளையங்கோட்டையில் நர்சிங் முடித்துவிட்டு இங்கிலாந்து வேலைக்குத் தயாராகிறேன். மருத்துவச் சொற்கள் தெரியும். நோயாளிகள் பேசுவது புரியுமா என்றுதான் பயமாக இருக்கிறது. (செவிலியர், மேலப்பாளையம்)

பதில்: பயம் நியாயமானது. கேஸ் ஷீட்டில் எழுதும் ஆங்கிலம் வேறு, கட்டிலில் படுத்திருப்பவர் பேசும் ஆங்கிலம் வேறு. அவர் ‘வாமிட்டிங்’ என்று சொல்வது குறைவு. ‘ஐ ஹேவ் பீன் த்ரோயிங் அப் சின்ஸ் மார்னிங்’ என்பார்: காலையிலிருந்து வாந்தி. ‘மை நீ இஸ் ப்ளேயிங் அப்’ என்றால் மூட்டு தொந்தரவு கொடுக்கிறது. ‘ஐ ஆம் பங்டு அப்’ என்றால் மூக்கு அடைத்திருக்கிறது. ‘ஐ ஃபீல் ரன் டவுன்’ என்றால் உடம்பு ஓய்ந்துபோய்க் கிடக்கிறது. ‘ஷி கேம் டவுன் வித் ஃபீவர்’ என்றால் காய்ச்சலில் விழுந்துவிட்டாள். வீக்கம் வற்றினால் ‘தி ஸ்வெல்லிங் ஹேஸ் கான் டவுன்’. மரக்க வைத்த மருந்தின் வேகம் தெளிந்தால் ‘தி அனஸ்தீஷியா ஹேஸ் வோர்ன் ஆஃப்’. நினைவு திரும்பினால் ‘ஹி ஹேஸ் கம் ரவுண்ட்’.

‘பிரிங் அப்’பில் கவனம் வேண்டும். ‘ஐ வாஸ் பிராட் அப் பை மை கிராண்ட்மதர்’ என்றால் பாட்டி வளர்த்த பிள்ளை. ‘ஹி இஸ் பிரிங்கிங் அப் பிளட்’ என்றால் இருமலிலோ வாந்தியிலோ ரத்தம் வருகிறது. இதைக் கேட்டால் அந்த நிமிடமே டாக்டரிடம் ஓட வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் ‘பாஸ்’. பாஸ் அவுட் என்றால் மயங்கி விழு. பாஸ் அவே என்றால் இறந்துபோ. பாஸ் ஆன் என்றால் செய்தியை அடுத்தவரிடம் சேர்ப்பி. இறப்பைச் சொல்லவும் சிலர் இதையே ஆள்வார்கள். ஷிஃப்ட் மாறும்போது சொல்லும் விவரத்தில் வால் மாறினால் மயங்கியவர் இறந்தவராகிவிடுவார். நேர்முகத் தேர்வில் ‘ஐ பாஸ்டு அவுட் இன் 2022’ என்று நம் ஊர்ப் பழக்கத்தில் சொன்னால் ‘2022-இல் மயங்கி விழுந்தேன்’ என்றே கேட்கும். அங்கே ராணுவ, போலீஸ் பயிற்சி முடிப்பவர்களுக்குத்தான் அந்தச் சொல் பொருந்தும். ‘ஐ கிராஜுவேட்டட் இன் 2022’ என்று சொல்லுங்கள்.

நோயாளி சொன்னதை அப்படியே கேஸ் ஷீட்டில் எழுத வேண்டாம். காதில் ‘த்ரோயிங் அப்’, பேனாவில் ‘வாமிட்டிங்’. இரண்டையும் ஜோடியாகவே படித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ‘கோப் அப் வித்’ சரியா? (வாசகர், சேரன்மகாதேவி)

பதில்: தப்பு. ‘கோப் வித்’ மட்டும்தான். ‘புட் அப் வித்’தின் சாயல் ஒட்டிக்கொண்டு வந்த ‘அப்’ அது. இதே போல ‘டிஸ்கஸ் அபவுட்’டில் அபவுட் வேண்டாம், ‘ரிட்டர்ன் பேக்’கில் பேக் வேண்டாம். படிவத்துக்கு ‘ஃபில் அப்’ என்று எழுதுவதைவிட ‘ஃபில் இன்’ நல்லது. அமெரிக்கர்கள் ‘ஃபில் அவுட்’ என்பார்கள். ‘ஃபில் அப்’ தண்ணீர்த் தொட்டிக்கும் பெட்ரோல் டேங்குக்கும்.

கேள்வி: கோரைப்பாய் ஏற்றுமதி செய்கிறோம். மழையால் தாமதம் என்று எழுதினால், வெளிநாட்டு வாடிக்கையாளர் ஆர்டர் ரத்தாகிவிட்டதா என்று கேட்டு எழுதுகிறார். நாங்கள் எழுதியது ‘தி ஆர்டர் இஸ் கால்டு ஆஃப் டியூ டு ரெயின். ஐ லுக் ஃபார்வர்டு டு ஹியர் ஃப்ரம் யூ’. (பாய் வியாபாரி, பத்தமடை)

பதில்: அவர் சரியாகத்தான் புரிந்துகொண்டிருக்கிறார். ‘கால் ஆஃப்’ என்றால் அடியோடு ரத்து. தள்ளிவைத்தால் ‘புட் ஆஃப்’. உங்களுக்கு வேண்டியது இரண்டும் இல்லை, ‘ஹோல்ட் அப்’. புட் ஆஃப் என்றால் தள்ளிவைக்க நீங்கள் முடிவெடுத்தீர்கள் என்று பொருள், பொறுப்பு உங்கள் தலையில் விழும். ஹெல்டு அப் என்றால் வேறொன்று வந்து தடுத்துவிட்டது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை அடைமழையில் சாயம் போட்ட கோரை காயாமல் கிடப்பதற்கு இதுதான் சரியான சொல்: ‘யுவர் ஆர்டர் ஹேஸ் பீன் ஹெல்டு அப் பை தி மான்சூன் ரெயின்’. அடுத்த வரியிலேயே எப்போது அனுப்புவீர்கள் என்ற தேதியையும் எழுதிவிடுங்கள். சிவப்புச் சாயம் தீர்ந்துவிட்டதா? ‘வி ஹேவ் ரன் அவுட் ஆவ் ரெட் டை’. பாய்கள் எல்லாம் விற்றுப்போனால் ‘வி ஆர் சோல்ட் அவுட்’.

‘லுக் ஃபார்வர்டு டு’வுக்குப் பின் ‘ஹியர்’ வராது, ‘ஹியரிங்’ வர வேண்டும். இங்குள்ள ‘டு’ வினைக்கு முன் வரும் ‘டு’ அல்ல, பெயர்ச்சொல்லைத் தாங்கும் ‘டு’. சந்தேகம் வந்தால் பின்னால் ‘இட்’ போட்டுப் பாருங்கள். ‘ஐ லுக் ஃபார்வர்டு டு இட்’ என்பது முழு வாக்கியம், ஆகவே வினை வந்தால் ‘இங்’ சேரும். ‘ஐ வாண்ட் டு இட்’ நிற்காது, ஆகவே ‘ஐ வாண்ட் டு ஹியர்’. ‘ஐ லுக் ஃபார்வர்டு டு ஹியரிங் ஃப்ரம் யூ’ என்று கடிதத்தை முடியுங்கள்.

கேள்வி: கங்கைகொண்டானில் கால் சென்டர் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். ‘கட் தி கால்’, ‘கீப் தி போன்’ என்று சொல்லக் கூடாது என்கிறார் டீம் லீடர். (வாசகி, தாழையூத்து)

பதில்: இரண்டும் நம் ‘கட் பண்ணு’, ‘போனை வை’ என்பவற்றின் நேர்ப்பெயர்ப்பு. ‘கீப் தி போன்’ என்றால் ‘போனை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்’ என்றாகிவிடும். போனை வைப்பது ‘ஹேங் அப்’. ஆனால் ‘ஹேங் ஆன்’ என்றால் ‘வைக்காமல் இருங்கள்’. வால் மாறினால் நேர் எதிர். ஹேங் ஆன் நண்பர்களுக்குள் சொல்வது, வாடிக்கையாளரிடம் ‘குட் யூ ஹோல்ட், ப்ளீஸ்?’ என்று கேளுங்கள்.

லைன் தானாக அறுந்துபோனால் திரும்ப அழைத்ததும் சொல்ல வேண்டியது: ‘ஐ ஆம் சாரி, வி காட் கட் ஆஃப்’. இந்த இடத்தில் ‘ஐ ஹங் அப்’ என்றால் வேண்டுமென்றே வைத்தேன் என்று ஒப்புக்கொண்டதாகும். குரல் விட்டு விட்டு வந்தால் ‘யூ ஆர் பிரேக்கிங் அப்’. தாழ்ந்த குரலில் பேசுபவரிடம் ‘குட் யூ ஸ்பீக் அப் எ லிட்டில்?’. வேறு பிரிவுக்கு இணைக்க ‘ஐ வில் புட் யூ த்ரூ’. லைன் கிடைக்கவே இல்லை என்றால் ‘ஐ குட்ண்ட் கெட் த்ரூ’.

கேள்வி: பிளஸ் டூ பரீட்சைக்கு 300 ஃபிரேஸல் வெர்ப் கொண்ட பட்டியலை மனப்பாடம் செய்கிறேன். நாலாம் நாள் எல்லாம் கலைந்துபோகிறது. (மாணவன், அம்பாசமுத்திரம்)

பதில்: அந்தப் பட்டியல் ‘கெட்’டில் இருபது, ‘டேக்’கில் இருபது என்று அடுக்கியிருக்கும். தலை ஒன்றாக இருப்பதால் ஒன்று இன்னொன்றின் மேல் ஏறிக்கொள்கிறது. பட்டியலைத் திருப்பிப் போடு தம்பி, வாலை வைத்துப் பிரி. ‘அப்’ பல இடங்களில் ‘முழுசா முடி’ என்று சொல்லும். ஈட் அப் என்றால் சாப்பிட்டுவிடு, டிரிங்க் அப் என்றால் குடித்துவிடு, யூஸ் அப் என்றால் தீர்த்துவிடு, டேர் அப் என்றால் கிழித்துப்போடு. நம் ‘விடு’, ‘போடு’ செய்யும் வேலையை ‘அப்’ செய்கிறது. ‘டவுன்’ குறைவதையும் தாளில் இறக்கி வைப்பதையும் சொல்லும்: ஸ்லோ டவுன், நோட் டவுன். ‘அவுட்’ தீர்வதையும் வெளிப்படுவதையும் சொல்லும்: ரன் அவுட், ஃபைண்ட் அவுட். ‘ஆஃப்’ விலகுவதை, அறுபடுவதைச் சொல்லும்: டேக் ஆஃப், கட் ஆஃப். எல்லாம் இந்தக் கூட்டுக்குள் அடங்காது. கிவ் அப், புட் அப் வித், டேக் ஆஃப்டர் போன்றவை தனியே கற்க வேண்டியவை. டேக் ஆஃப்டர் என்றால் பெற்றவர் சாயலில் இருப்பது. அப்படித் தனியானவற்றை நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுது.

வாரத்துக்கு ஐந்து போதும். ஒவ்வொன்றுக்கும் நான்கு வரி. முதல் வரியில் பெயரோடு ஒரு வாக்கியம்: ‘ஹி புட் ஆஃப் தி மேட்ச்’. இரண்டாவதில் சுட்டுச்சொல்லோடு: ‘ஹி புட் இட் ஆஃப்’. மூன்றாவதில் வீட்டில் பேசுகிற தமிழில்: ‘மேட்ச்சைத் தள்ளிப் போட்டுட்டான்’. நான்காவதில் எதோடு குழம்புமோ அது: ‘கால் ஆஃப் என்றால் ரத்து’. மூன்றாவது வரியைப் புத்தகத் தமிழில் எழுதாதே. ‘ஒத்திவைத்தனன்’ என்று எழுதினால் பரீட்சை ஹாலில் நினைவுக்கு வராது. ஞாயிறன்று தமிழ் வரியை மட்டும் பார்த்து, மற்ற மூன்றையும் வாய்விட்டுச் சொல். தடுக்கியதை அடுத்த வாரத்து ஐந்தில் சேர்த்துக்கொள்.

கேள்வி: ‘புட் ஆன்’, ‘வேர்’ இரண்டும் ‘உடுத்து’ தானே? (தையற்கடைக்காரர், பேட்டை)

பதில்: ‘சட்டையைப் போடுதான்’ என்றால் ‘ஹி இஸ் புட்டிங் ஆன் எ ஷர்ட்’. கை நுழைத்து, பொத்தான் மாட்டி முடிக்கும் வரை அவ்வளவுதான். ‘சட்டை போட்டிருக்கான்’ என்றால் ‘ஹி இஸ் வேரிங் எ ஷர்ட்’. நாள் முழுக்க அதுதான். வாடிக்கையாளரிடம் ‘போட்டுப் பாருங்க’ என்பதற்கு ‘ட்ரை இட் ஆன்’. ‘ட்ரை இட்’ என்று மட்டும் சொன்னால் தின்பண்டத்தைச் சுவைத்துப் பார்க்கச் சொல்வது போலவும் இருக்கும்.

கேள்வி: பிரேக்டவுன் ஒரு சொல்லா, இரண்டு சொல்லா? (ஐடிஐ மாணவர், வண்ணாரப்பேட்டை)

பதில்: பெயர்ச்சொல்லானால் சேர்த்து எழுது, முதல் அசையை அழுத்து: ‘தி பஸ் ஹேட் எ பிரேக்டவுன்’, அழுத்தம் ‘பிரே’யில். வினையானால் பிரித்து எழுது, வாலை அழுத்து: ‘தி பஸ் பிரோக் டவுன் நியர் களக்காடு’, அழுத்தம் ‘டவு’னில். லாகின், பேக்கப், செட்டப், டேக்ஆஃப் எல்லாம் இப்படியே. கம்ப்யூட்டர் திரையில் ‘லாகின்’ என்று சேர்த்திருந்தால் அது பெயர், ‘ப்ளீஸ் லாக் இன்’ என்று எழுதும்போது நடுவில் இடைவெளி விட வேண்டும்.

கேள்வி: எங்கள் ஊர்க் கோயிலில் ‘ரிமூவ் யுவர் ஸ்லிப்பர்ஸ்’ என்று போர்டு வைக்கப்போகிறோம். ‘டேக் ஆஃப்’ என்று எழுதலாமா? (கோயில் திருப்பணிக் குழு, விக்கிரமசிங்கபுரம்)

பதில்: போர்டுக்கு ‘ரிமூவ்’ பொருந்தும், வாசலில் நிற்பவர் வாயால் சொல்ல ‘டேக் ஆஃப்’ பொருந்தும். மாற்ற வேண்டியது ‘ஸ்லிப்பர்ஸ்’. இங்கிலாந்துக்காரருக்கு அது வீட்டுக்குள் போடும் மெத்தைச் செருப்பு. ஷூ போட்டு வந்தவர் தனக்கில்லை என்று நினைத்து உள்ளே நடந்துவிடலாம். ‘ப்ளீஸ் ரிமூவ் யுவர் ஃபுட்வேர் ஹியர்’ என்று எழுதுங்கள். ‘ஹியர்’ விட்டுப்போகக் கூடாது. இல்லாவிட்டால் எந்த இடத்தில் கழற்றுவது என்று தெரியாமல் மண்டபப் படி வரை வந்துவிடுவார்கள்.